சீனிச் சம்பல் கணக்கில் அம்மாவின் கூலி

2023 ஆகஸ்டில் நானும் என் மூதூர்த் தோழியும் வெங்காயமும் மாசியும் சீனியும் போட்டுக் கிண்டும் சீனிச் சம்பல் செய்து போத்தலில் அடைத்து விற்கத் தொடங்கினோம். அப்போது இரண்டு பேரும் திருகோணமலையில் கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டாம் வருடம், வணிகம்தான் படிக்கிறோம். அவள் விடுதியில், நான் உப்புவெளியில் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வருகிறேன். இப்போது தம்பி தங்கச்சிமார் நிறையப் பேர் வந்து "அக்கா, நாங்களும் ஏதாவது தொடங்கப் போறம், எவ்வளவு முதல் வேணும்?" என்று கேட்கிறார்கள். முதலைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. எங்கள் கணக்குக் கொப்பியை அப்படியே திறந்து காட்டுகிறேன். அதில் ஐந்து மாதம் ஒரு நிரல் இல்லாமலே இருந்தது, அந்த ஒரு நிரலைப் பற்றித்தான் இந்த முழு எழுத்தும்.

எப்படித் தொடங்கியது

விடுதியில் இரவுச் சாப்பாடு பெரும்பாலும் பாண், அல்லது கடையில் வாங்கிய இடியப்பம். தோழியின் உம்மா மூதூரிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஒரு பெரிய போத்தல் சீனிச் சம்பல் கொடுத்தனுப்புவார். அது இரண்டு நாள்கூட நிற்காது. பக்கத்து அறைப் பிள்ளைகள் கரண்டியோடு வந்து, கடைசியில் போத்தலின் உட்பக்கத்தைப் பாணால் துடைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். "காசு தாறம், உம்மாட்டச் சொல்லி எங்களுக்கும் எடுத்துத் தா" என்று நாலைந்து பேர் சேர்ந்து கேட்ட அன்றுதான் யோசனை வந்தது. கேட்டு வாங்க ஆள் முதலே இருந்தது, பொருள் பிறகு வந்தது. ஒரு மாணவத் தொழிலுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது என்று இப்போதும் நினைக்கிறேன். லோகோ கீறிவிட்டு ஆள் தேடுகிறவர்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது.

முதல் 16,000 ரூபா. தோழிக்கு மகாபொல உதவித்தொகை வரும், அப்போது மாதம் 5,000. சேர்ந்து வந்த இரண்டு மாதக் காசை அவள் போட்டாள், நான் உண்டியலிலிருந்து 6,000 போட்டேன். செய்முறை உம்மாவுடையது. அடுப்பு எங்கள் வீட்டு அடுப்பு. விடுதியில் சமைக்க முடியாது, மூதூரிலிருந்து ஒவ்வொரு கிழமையும் போத்தல் பெட்டி தூக்கி வருவதும் சரிவராது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு வீதியால் வருவது லேசு என்றாலும் தூரம் தூரம்தான். அந்தப் பாலத்துக்கு முன்னால் பாதைப் படகில் ஏறி வந்த கதையை உம்மா தொடங்கினால் ஒரு பின்னேரம் போய்விடும். மாசி மட்டும் மூதூரிலிருந்து வரும். தோழியின் மாமா ஒருவர் சூரை மீனை அவித்து, புகை காட்டி, வெயிலில் கல்லுப்போல் காயவைத்துத் தருவார்.

அம்மாவிடம் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. "நான் வீட்டிலதானே நிக்கிறன், செய்து தாறன் பிள்ளை" என்றார். இந்த வசனத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தாச்சியில் நடப்பது

ஒரு தடவைக்கு ஐந்து கிலோ பெரிய வெங்காயம். உரித்து, பாதியாக வெட்டி, நீளவாக்கில் ஒரே அளவாக அரிய வேண்டும். தடிப்பும் மெல்லிசும் கலந்தால் மெல்லிசு கருகும் நேரத்தில் தடிப்பு வேகாமல் நிற்கும். தாச்சியில் தேங்காய் எண்ணெய் காய்ந்ததும் கறிவேப்பிலை, ரம்பை, கறுவாப்பட்டை, ஏலக்காய், பிறகு வெங்காயமும் உப்பும். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். முதல் முக்கால் மணித்தியாலம் அது பொரிகிறதில்லை, தன் தண்ணீரிலேயே அவிகிறது. அந்தத் தண்ணீர் முழுக்கப் போய்ச் சத்தம் மாறும். சளசளவென்று கேட்டது சர்ரென்று கேட்கத் தொடங்கும். அப்போதுதான் அடுப்பைக் குறைக்க வேண்டும். பொன்னிறம் வந்ததும் இடித்த மாசி, இடித்த செத்தல் மிளகாய், பழப்புளிக் கரைசல். சீனி கடைசியில். சீனி போட்டபின் அகப்பையைக் கீழே வைக்கக் கூடாது, ஒரு நிமிடம் வேறு பக்கம் பார்த்தால் அடிப்பிடித்துவிடும், அந்தக் கைப்பு முழுத் தாச்சிக்கும் ஏறிவிடும். அகப்பையால் நடுவில் ஒரு கோடு கீறினால் அடி தெரிந்து, இரண்டு பக்கமும் மெதுவாக வந்து மூடி, ஓரத்தில் சிவப்பு எண்ணெய் பிரிந்து நின்றால் இறக்கலாம்.

ஐந்து கிலோ வெங்காயம் தாச்சியில் மூன்று கிலோ இருநூறு கிராம் சம்பலாக முடியும். 200 கிராம் போத்தல் 16.

அந்த 16 போத்தலுக்கு எங்கள் முதல் கணக்கு இது. வெங்காயம் கிலோ 240 வீதம் 1,200. மாசி 350 கிராம் 1,120. போத்தலும் மூடியும் ஒன்று 65, ஆக 1,040. எண்ணெய் 400, மிளகாய் 200, புளி வாசனைச் சாமான் எல்லாம் சேர்த்து 200, லேபல் 192, காஸ் 150, பஸ் ஓட்டோ 150, சீனி 600 கிராம் 144. கூட்டினால் 4,796. போத்தல் ஒன்றுக்கு 300 என்று வைத்துக்கொண்டோம், 450க்கு விற்றோம். ஒரு தடவைக்கு 2,400 ரூபா லாபம். கொப்பியில் சிவப்புப் பேனையால் "லாபம்" என்று எழுதி அடிக்கோடு போட்டோம்.

இந்தப் பட்டியலில் கண்ணாடியும் காகிதமும் 1,232 ரூபா, மொத்தச் செலவில் கால் பங்கு. வாடிக்கையாளர் சாப்பிடாத ஒன்றுக்குக் கால் பங்கு போகிறது என்பதை அப்போது நாங்கள் கவனிக்கவில்லை. பிறகு அதுவே எங்களுக்கு ஒரு வழி காட்டியது.

நல்ல இரண்டு மாதமும் ஒன்பது பூஞ்சணப் போத்தலும்

ஆகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை 14 தடவை செய்தோம். விற்கிறது ஒரு பிரச்சினையாகவே இல்லை. வட்ஸ்அப்பில் ஒரு குழு, வெள்ளிக்கிழமை பெயர் பதிவு, திங்கட்கிழமை கையில் போத்தல். வெள்ளியில் எங்கள் வீட்டு அடுப்பில் மாசி ஏறாது, அம்மா சைவ சமயம், அதனால் சமையல் சனியும் செவ்வாயும்.

பெயர் பதிவு, லேபல், சுகாதாரப் பரிசோதகர் (பீஎச்ஐ) எல்லாவற்றையும் ஒரு கடைக்காரர்தான் தொடக்கி வைத்தார். டவுனில் ஒரு பலசரக்குக் கடையில் வைக்கலாமா என்று கேட்டபோது, போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "விலாசம் எங்க, திகதி எங்க?" என்றார். நியாயமான கேள்வி. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இந்த நாட்டில் விற்கிற எல்லாச் சாப்பாட்டுப் பொருளுக்கும் பொருந்தும், விடுதியில் தோழிகளுக்கு விற்றாலும் விற்பனை விற்பனைதான். கிராம சேவகரின் உறுதிப்படுத்தல், பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, பீஎச்ஐ வந்து குசினியைப் பார்த்தது எல்லாம் நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை, ஆனால் லெக்சர் இல்லாத நாளாகப் பார்த்து அலைய வேண்டியிருந்தது. பீஎச்ஐ ஐயா ஜன்னலுக்கு வலை அடிக்கச் சொன்னார், போத்தல் காயவைக்கத் தனி ராக்கை கேட்டார், நகம் வெட்டியிருக்கிறதா என்று என் கையைப் பார்த்தார். லேபலில் பொருளின் பெயர், சேர்ந்த பொருட்கள், நிறை, செய்த திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம், விலாசம், விலை. தொகுதி இலக்கத்தை நான் முதலில் ஒரு சடங்குபோல நினைத்தேன். அது எதற்கு என்று அடுத்த கிழமையே தெரிந்தது.

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு அக்கா 32 போத்தல் கேட்டார். இரண்டு தாச்சி. இரவு பஸ்ஸில் போட்டுவிட வேண்டும். வழமையாகச் சம்பலைக் கொதிக்கக் கொதிக்கப் போத்தலில் விட்டு, வாய் வரை நிரப்பி, மேலே ஒரு விரல் எண்ணெய் நிற்கவிட்டு, உடனே மூடிக் கவிழ்த்து வைப்போம். அன்று இரண்டாவது தாச்சி இறக்கும்போது மழை, போத்தல்கள் சரியாகக் காயவில்லை, நான் துணியால் துடைத்தேன், அதற்குள் சம்பல் இளஞ்சூட்டுக்கு வந்துவிட்டது. அப்படியே நிரப்பி மூடினோம். பஸ்ஸில் ஏற்றும்போது மூடிக்குள் சின்னச் சின்னத் தண்ணீர்த் துளி நின்றதை நான் கண்டேன். கண்டும் விட்டேன், பஸ் புறப்பட இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது.

ஒன்பதாம் நாள் படம் வந்தது. எண்ணெய்க்கு மேலே பஞ்சுபோல வெள்ளைப் பூஞ்சணம். ஆவி மூடியில் குளிர்ந்து, துளியாகி, மேலே விழுந்து, அந்த இடத்தில் மட்டும் சம்பல் ஈரமாக இருந்திருக்கிறது. இளஞ்சூட்டில் பூஞ்சணமும் சாகாது. கெட்ட ஒன்பது போத்தலும் ஒரே தொகுதி இலக்கம். மற்றத் தாச்சியில் ஒன்றும் இல்லை. இலக்கம் இருந்ததால் எதைச் சாப்பிட வேண்டாம் என்று அந்த அக்காவுக்கு அந்த நிமிடமே சொல்ல முடிந்தது. காசு 4,050 திருப்பி அனுப்பினோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு தாச்சியிலும் ஒரு போத்தலை எங்கள் அலுமாரியில் வைத்து, முடிவுத் திகதி வந்த பிறகுதான் திறக்கிறோம்.

கடனைப் பற்றியும் ஒரு வரி. அந்தப் பலசரக்குக் கடையில் 24 போத்தலை விற்றுத் தரும் கணக்கில் வைத்தோம். 10,800 ரூபா இரண்டு மாதம் அங்கேயே கிடந்தது, நாங்கள் போட்ட முதலில் மூன்றில் இரண்டு பங்கு. அவர் ஏமாற்றவில்லை, தந்தார், ஆனால் அந்த இரண்டு மாதமும் வெங்காயம் வாங்க நான் அம்மாவின் சீட்டுக் காசில் கை வைத்தேன்.

நவம்பர், டிசம்பர், ஜனவரி

2023 நவம்பர் தொடக்கத்தில் அரசாங்கம் சீனிக்கான விசேட பண்ட வரியைக் கிலோவுக்கு 25 சதத்திலிருந்து 50 ரூபாவாக உயர்த்தியது. எங்களுக்குத் தலையில் இடி. பெயரே சீனிச் சம்பல். இரண்டு பேரும் கன்ரீனில் இருந்து, விலையைக் கூட்டுவதா, சீனியைக் குறைப்பதா என்று ஒரு மணித்தியாலம் கதைத்தோம், கிட்டத்தட்டச் சண்டை. கடைசியில் தோழி கல்குலேற்றரை எடுத்தாள். ஒரு தாச்சிக்குச் சீனி 600 கிராம். 30 ரூபா கூடும். பதினாறால் பிரித்தால் போத்தலுக்கு இரண்டு ரூபாகூட இல்லை.

ஜனவரி முதலாம் திகதி வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதமானது, அதுவரை வற் இல்லாமலிருந்த சமையல் எரிவாயுவுக்கும் அது வந்தது. 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 685 ரூபா கூடி 4,250 ஆனது. வீட்டுச் செலவுக்கு அது பெரிய அடி, எங்கள் ஒழுங்கையில் இரண்டு மூன்று வீடுகள் திரும்ப விறகுக்குப் போனது. ஆனால் ஒரு தாச்சிக்கு எங்களுக்குப் பிடிக்கும் காஸ் 600 கிராம் அளவு. போத்தலுக்கு இதுவும் இரண்டு ரூபா.

எங்களை விழுத்தியது நடுவில் வந்த ஒன்று. 2023 டிசம்பர் 8ஆம் திகதி இந்தியா பெரிய வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. ஆகஸ்டில் 40 வீத ஏற்றுமதி வரி போட்டபோதே விலை ஆடத் தொடங்கியிருந்தது, நாங்கள் செய்தியை வாசித்துவிட்டுத் தாண்டிப் போயிருந்தோம். நாங்கள் வாங்கும் கடையில் கிலோ 600 ஆனது. ஒரு தாச்சிக்கு 1,800 கூட, போத்தலுக்கு 112. அடக்கம் 416. விற்பது 450.

ஆக, பெயரில் இருக்கும் பொருள் வேறு, கணக்கில் கனக்கிற பொருள் வேறு. தொடங்குகிறவர்கள் தயவுசெய்து இதை ஒரு தரம் செய்து பாருங்கள்: உங்கள் சாமான் ஒவ்வொன்றும் இரட்டிப்பு விலையானால் ஒரு உருப்படிக்கு எத்தனை ரூபா கூடும் என்று எழுதுங்கள். எந்தச் செய்திக்குப் பதற வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று அது சொல்லும். எங்களிடம் அந்தப் பட்டியல் இருந்திருந்தால் ஆகஸ்டிலேயே வெங்காயச் செய்தியை வெட்டி ஒட்டியிருப்போம்.

இப்போது நாங்கள் எடுத்த பிழையான முடிவு. நிலாவெளி, கும்புறுப்பிட்டிப் பக்கம் மணல் தரையில் சின்ன வெங்காயம் செய்கிறார்கள். தெரிந்த ஒரு கமக்காரர் கிலோ 500க்குத் தருவதாகச் சொன்னார். தாச்சிக்கு 500 ரூபா மிச்சம், ருசியும் கூட. உடனே மாறினோம். மூன்று கிழமை.

சின்ன வெங்காயம் ஐந்து கிலோ உரிப்பது என்றால் என்ன என்று உரித்தவர்களுக்குத் தெரியும். பெரியது ஐந்து கிலோவை உரித்து அரிய ஒருவருக்கு நாலு மணித்தியாலம். சின்னது எட்டு. அது இறுதிப் பரீட்சைக்கு முந்திய காலம், எனக்கு அசைன்மென்ட், தோழிக்கு வைவா. இரவு பத்தரைக்குப் படித்துக்கொண்டிருந்த நான் தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனேன். அம்மா நிலத்தில் பாய் போட்டு, சுளகில் வெங்காயத்தோடு இருந்தார். பக்கத்தில் தேத்தண்ணி. கோப்பையைத் தூக்கும்போது பெருவிரலை வெளியே நீட்டி, மற்ற நாலு விரலாலும் உள்ளங்கையாலும் பிடித்துத் தூக்கினார். விரலைப் பிடித்துப் பார்த்தேன். நகத்துக்குப் பக்கத்தில் தோல் நீளமாக வெடித்து, அந்த வெடிப்புக்குள் வெங்காயச் சாறு கறுப்பாக இறங்கியிருந்தது. "ஒண்டுமில்ல, நீ போய்ப் படி" என்றார்.

நான் படிக்கப் போகவில்லை. கொப்பியை எடுத்தேன்.

இல்லாத நிரல்

உயர்தரத்தில் வணிகப் பிரிவு படித்த எவருக்கும் இது பாடம். கிரயம் என்றால் நேரடிப் பொருள், நேரடிக் கூலி, மேந்தலை (மற்றப் பொதுச் செலவுகள்). மூன்றையும் நித்திரையிலும் சொல்வோம். எங்கள் கொப்பியில் பொருள் இருந்தது, பஸ் காசு இருந்தது, லேபல் இருந்தது, கூலி இல்லை. ஐந்து மாதத்தில் ஒரு தரம்கூட இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை, ஏனென்றால் அந்த வேலை வீட்டுக்குள் நடந்தது, அம்மா செய்தார், வீட்டில் அம்மா செய்வதற்கு யாரும் விலை எழுதுவதில்லை.

அந்த இரவு எழுதினேன். பெரிய வெங்காயம் போட்ட நாட்களில் ஒரு தாச்சிக்கு மொத்தம் பத்து மணித்தியால வேலை. உரித்து அரிய நாலு, கிண்ட இரண்டரை, போத்தல் கழுவி அவித்துக் காயவைத்து அடைக்க ஒன்றரை, ஓர்டர் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்க இரண்டு. இதில் அம்மாவின் பங்கு ஆறு. எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார், எட்டு மணித்தியாலத்துக்கு 1,500. மணிக்கு 190 என்று எடுத்தேன்.

முதல் 14 தாச்சியில் வந்தது 33,656. பூஞ்சணப் போத்தலுக்குத் திருப்பிக் கொடுத்தது கழித்தால் 29,606. நாங்கள் இருவரும் ஆளுக்கு 14,803 எடுத்திருக்கிறோம். அம்மா 84 மணித்தியாலம் நின்றிருக்கிறார். 190 வீதம் 15,960.

எங்கள் இருவரில் எவரையும்விட அம்மாவுக்குத்தான் கூடச் சேரவேண்டியிருந்தது. சேர்ந்தது பூச்சியம்.

சின்ன வெங்காயத்துக்கு மாறிய முடிவையும் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மிச்சம் 500 ரூபா. கூடின வேலை நாலு மணித்தியாலம், அதன் பெறுமதி 760. ஒவ்வொரு தாச்சிக்கும் 260 ரூபா நட்டப்பட்டிருக்கிறோம், அந்த நட்டம் முழுவதும் ஒரு விரலில் தெரிந்தது. அந்த நிரல் இருந்திருந்தால் அந்த முடிவை எடுத்திருக்கவே மாட்டோம். இதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கூலியை எழுதாமல் விடுவது அன்பில்லாத செயல் என்பது ஒரு பக்கம், அதோடு அது பிழையான கணக்கும்தான். பிழையான கணக்கு பிழையான முடிவைத் தரும், அந்த முடிவின் பாரம் எப்போதும் காசு வாங்காத ஆளின் தலையிலேயே போய் விழும்.

மாணவர்கள் தொடங்கும் தொழில்களில் நான் கண்ட அநேகமானவை இப்படித்தான் நிற்கின்றன. கேக் செய்கிறவளின் அம்மா முட்டை அடிக்கிறார், உடுப்பு விற்கிறவனின் அக்கா இரவில் பொத்தான் தைக்கிறார், அப்பா மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். "வீட்டில சப்போர்ட் நல்லம்" என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தச் சப்போர்ட்டை ஒரு கிழமை நிறுத்தினால் தொழில் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

காலையில் தோழிக்குச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "அப்ப உம்மாக்கு?" என்றாள். செய்முறை அவருடையது, மாசி பேசி எடுத்துத் தருவது அவர், அதையும் நாங்கள் எழுதவில்லை.

நிறுத்தியதும் திரும்பத் தொடங்கியதும்

ஜனவரி மூன்றாம் கிழமை அடுப்பை நிறுத்தினோம். வட்ஸ்அப் குழுவில் உள்ளதை எழுதினோம்: வெங்காய விலை, பரீட்சை, ஏப்ரலில் வருவோம். யாரும் கோபிக்கவில்லை. நிறுத்தினால் வாடிக்கை போய்விடும் என்ற பயத்தில்தான் நட்டத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தோம், உண்மையில் எல்லாரும் அதே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள்தான். பிறகு நோன்பு வந்தது, தோழி ஊருக்குப் போனாள். பெருநாள் முடிந்து ஏப்ரல் நடுவில் திரும்பினோம். அந்த மாதம் இந்தியா இலங்கைக்கென 10,000 தொன் வெங்காயத்துக்கு அனுமதி கொடுத்தது, எங்கள் கடையில் கிலோ 340க்கு வந்தது. மே 4ஆம் திகதி தடையையே எடுத்தார்கள்.

புதிய கொப்பியில் முதல் நிரல் கூலி. செய்கிற எட்டு மணித்தியாலத்துக்கும் யார் செய்தாலும் 190. நான் உரித்தால் எனக்கு, அம்மா உரித்தால் அம்மாவுக்கு. உம்மாவுக்கு ஒவ்வொரு தாச்சிக்கும் ஒரு சின்னத் தொகை. உம்மா முதலில் வாங்க மறுத்தார், "பிள்ளையளிட்டக் காசா?" என்றார். அது மாசி விலைக்குள் சேர்ந்து போகிறது.

கூலி சேர்ந்ததும் போத்தல் அடக்கம் 432 ஆனது. விலை 520. இந்த இடத்தில்தான் அந்தக் கால் பங்குக் கண்ணாடி உதவியது. வெறும் போத்தலைத் திருப்பித் தந்தால் 40 ரூபா குறைவு, 480. தயிர்ச் சட்டி, சோடாப் போத்தல் பழகிய ஊருக்கு இது புதிதில்லை, விடுதிப் பிள்ளைகள் கழுவியே கொண்டுவந்தார்கள். நாங்கள் திரும்ப அவித்து, 15 ரூபாவுக்குப் புது மூடி போடுகிறோம். போத்தலுக்கு 50 ரூபா மிச்சம், 40ஐக் கொடுத்தபின்னும் 10 எங்களுக்கு. விற்பனை முந்தியதைவிடக் குறைந்தது, அதை மறைக்கவில்லை. முன்பு கிழமைக்கு இரண்டு தாச்சி, இப்போது ஒன்று, சில கிழமை ஒன்றரை. ஆனால் ஒவ்வொரு தாச்சியும் எல்லாருக்கும் கூலி கொடுத்தபின் 1,400 ரூபா வைக்கிறது.

மே மாதம் உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கினார்கள். வடகீழ்ப் பருவக்காற்று முடிந்து கடல் அடங்கி, மே தொடக்கம் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிக் கரையில் அறை கிடைப்பது கஷ்டம். வீட்டுக்குக் கிட்டவே இரண்டு விருந்தினர் விடுதிகள், காலைச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் பாற்சோறும் போடுகிறவர்கள், கிலோக் கணக்கில் கேட்டார்கள். போத்தல் இல்லை, லேபலுக்குப் பதில் வாளியில் தொகுதி இலக்கமும் திகதியும் எழுதிய ஒரு துண்டு. கூலியோடு கிலோ அடக்கம் 1,700க்குக் கிட்ட, கொடுப்பது 2,000, காசு அந்த ஞாயிறே.

அதே மாதம் ஒரு பேக்கரி, சீனிச் சம்பல் பணிசுக்குக் கிலோ 1,400க்குக் கிழமைக்கு ஐந்து கிலோ தரமுடியுமா என்று கேட்டது. பழைய கொப்பி இருந்திருந்தால் உடனே ஓம் என்றிருப்போம், கூலி இல்லாமல் கிலோ 1,300தானே, நூறு ரூபா லாபம் என்று தெரிந்திருக்கும். புதிய கொப்பியில் அது கிலோவுக்கு 300 ரூபா நட்டம். மன்னிக்கச் சொல்லிவிட்டோம். ஐந்து கிலோ நிரந்தர ஓர்டரை வேண்டாம் என்று சொல்ல அந்த நிரல்தான் தைரியம் தந்தது.

அம்மாவுக்கு முதல் கூலியை ஞாயிற்றுக்கிழமை ஒரு கடிதவுறையில் கொடுத்தேன். 1,140 ரூபா. திறந்து பார்க்காமல் சாமிப்படத்துக்குக் கீழே வைத்தார். இரண்டாம் கிழமை எண்ணிப் பார்த்தார். மூன்றாம் கிழமை கொப்பியைக் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, "செவ்வாய்க்கிழமை நான் போத்தலும் கழுவினன், அது இதில இல்ல" என்றார். சேர்த்து எழுதினேன்.

ஆடி அமாவாசை ஓகஸ்ட் 4, ஞாயிறு. அம்மப்பாவுக்காக அம்மா விரதம் பிடிப்பார், கோணேசர் கோயிலுக்குப் போவார். விருந்தினர் விடுதிக்காரர் அந்த வார இறுதிக்கு மூன்று கிலோ கேட்டிருந்தார். நான் சொல்லத் தொடங்கும்போதே அம்மா தலையாட்டிவிட்டார். "இந்தக் கிழமை என்னால ஏலாது. வெள்ளியில இருந்து ஞாயிறு வரைக்கும் இந்த அடுப்பில மாசியும் ஏறாது." இதற்கு முன்னால் அவர் ஏலாது என்று சொன்னதே இல்லை. ஒழுங்கையில் இருக்கும் அந்த அக்காவைக் கேட்டோம். கடை வேலை முடிந்து வியாழன் இரவு எட்டு மணிக்கு வந்தார், அவர் அரிந்தார், நான் கிண்டினேன், தோழி விடுதியிலிருந்து போனில் "சீனி போட்டாச்சா, அகப்பையை விட்டிடாத" என்று கத்திக்கொண்டிருந்தாள். அம்மா விறாந்தையில் இருந்து பூ கட்டினார். ஒரு தடவைதான் எழும்பி வந்து தாச்சிக்குள் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார்.

பன்னிரண்டு மணிக்குக் கொப்பி எழுதினேன். அம்மாவின் பெயருக்கு நேரே முதல் தடவையாகப் பூச்சியம். அக்காவின் பெயருக்கு நேரே நாலு மணித்தியாலம், 190 வீதம் 760. அம்மா தோளுக்கு மேலால் பார்த்துவிட்டு, "அவள் பகல் முழுக்க நிண்டிட்டு வந்தவள். ராத்திரி வேலைக்குக் கூட்டிப் போடு" என்றார்.

190ஐ வெட்டி 230 என்று எழுதினேன்.